முதல் நாளே கட்டிய கட்டணம்

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும் நான்தான். இருபது வருஷமாக எனக்குத் தெரியாத படிவமே இல்லை என்று ஒரு திமிர். அந்தத் திமிர்தான் ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டது.

அவளை 'வாயில்லாப்பூச்சி' என்றுதான் கூப்பிடுவேன். அதற்கும் சிரித்துக்கொண்டு நிற்பாள். ஆய்வகப் படிப்பு. அப்பா கிடையாது, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. முதல் வருஷம் கல்லூரி அறக்கட்டளை உதவித்தொகை தந்தது. இரண்டாம் வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். முடிவு தெரிய இரண்டு மாதமாகும். அதற்குள் கட்டணம் கட்டாதவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள்.

மகள் பெயர் பலகையில் தொங்குவதா? அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. விடுமுறை முழுக்க இரண்டு ஷிப்ட் பார்த்தாள். ரத்தக்கறை விரிப்புகளைக் கொதிநீரில் அலசி அலசி விரலெல்லாம் தோல் உரிந்துவிட்டது. முதல் நாளே வரிசையில் முதல் ஆளாக நின்று முதல் பருவத்துக்குக் கட்டிவிட்டு, ரசீதோடு நேரே என்னிடம் வந்தாள்.

"இதையும் சேர்த்து வைங்கம்மா. ஏமாத்துற குடும்பம் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. யாருமே கேட்காத காகிதம். அதை நானே எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பின் அடித்தேன். புத்தி கெட்டவள் நான்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு அலுவலகத்தில் போய்ச் சண்டை பிடித்தேன். எழுத்தர் குரலை உயர்த்தவில்லை. நிலுவை உள்ளவர்களுக்குத்தான் உதவியாம். இவர்கள்தான் கட்டிவிட்டார்களே, அப்புறம் என்ன தேவை என்று குழு கேட்டதாம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாமாம்.

"கட்டாம இருந்திருந்தா கிடைச்சிருக்கும்மா" என்றார்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். இவர்களோ முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நின்றார்கள்.

இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு வேறு நாலு இடத்தில் தேடினோம். எல்லாம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. நடுவில் நிற்பவர்களை யாரும் சீந்தவில்லை. அம்மாவின் கைப்புண்ணைப் பார்த்த மருத்துவர் இரண்டாவது ஷிப்ட் கூடவே கூடாது என்றுவிட்டார். பெண் படிப்பை விட்டு ஒரு மருந்துக்கடையில் பில் போடப் போனாள்.

போவதற்கு முன்னால் கடைக்கு வந்தாள். அந்த நிராகரிப்புக் கடிதத்தை அம்மாவிடம் அவள் காட்டவே இல்லையாம்.

"மார்க் பத்தலைன்னு சொல்லிட்டேன்க்கா. கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."

போன வாரம் தாயும் மகளும் ஏதோ நகல் எடுக்க வந்தார்கள். அம்மா என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"கையைப் புண்ணாக்கிக்கிட்டு கட்டினேன். இவளுக்கு நாலு மார்க் எடுக்க முடியல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன குறை வச்சேன்?"

உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு குறையும் வைக்கல" என்றேன். "அவதான் இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம்."

"கேட்டியாடி?" என்று அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.