தொட்டிக்குள் சிரிக்கக் கூடாது

“சாப்டாச்சா?”

“ஆச்சு.”

“என்ன கெழம இன்னிக்கு?”

“வியாழன்.”

“நேத்து?”

“புதன்ணே! விடுங்க, வேலையப் பாக்கறேன்.”

புதுக் கட்டடத்தின் அடித்தளத்தில், தரையோடு தரையாக ஒரு ஓட்டை. கீழே தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ஒருவர் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு அடிக்கிறார். அவர் இடுப்பு வாரில் கட்டிய கயிறு, ஓட்டையின் மேல் நிற்கும் முக்காலியின் சக்கரத்தில் ஏறி, விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் இவர் உள்ளங்கையில் வந்து முடிகிறது. வேலையாட்கள் இவரைக் ‘கயிறு’ என்பார்கள். எதிரில் ‘கயிறண்ணே’. எனக்குச் சித்தப்பா. அப்பாவோடு கடைசிவரை வேலை செய்தவர்.

இவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சப்பென்று இருக்க வேண்டும். அது ஒன்றுதான் இவர் சட்டம். இன்றும் ஒருவர் அதை மீறினார். அரை மணி கழித்து மறுபடி கிழமை கேட்டபோது தொட்டியிலிருந்து குரல் வந்தது:

“உங்க மாமனாரு ஏமாந்துபோயி பொண்ணு குடுத்த கெழம!”

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. முக்காலியில் இருந்த கயிறு சுற்றும் கைப்பிடியைச் சுழற்ற ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர் காற்றுக் குழாய் முகமூடியோடு, உருளை பிரஷும் கையுமாக, கிணற்று வாளிபோல் மேலே வந்தார்.

“ஒரு தமாஷுக்குச் சொன்னேன் சாமி!”

“தமாஷ மேல வந்து பண்ணு. இப்ப பண்ணு, கேக்கறேன்.”

மேலே வந்தபின் யாருக்கும் தமாஷ் வரவில்லை. “ஒரு நாள் வேலைய ரெண்டு நாளா இழுக்கறாரு” என்று மேற்பார்வையாளர் என்னிடம் முணுமுணுத்தார். பூச்சுக்காரர் தெளிவாகத்தான் இருந்தார். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே இவர் அவரை மறுபடி இறக்கினார்.

நான் கருவிகள் சோதிப்பவள். காற்றில் கரைப்பான் ஆவி எவ்வளவு என்று காட்டும் மீட்டர் ஒன்று இவர் கழுத்தில் தொங்குகிறது. அதைச் சரிபார்க்கத்தான் வருகிறேன். இந்தப் பூச்சைக் குழைக்கும் கரைப்பான் மூளையில் சாராயம்போல் வேலை செய்யும். முதலில் உற்சாகம், சிரிப்பு. அப்புறம் தள்ளாட்டம். அப்புறம் மயக்கம். மூக்கு அதற்குள் பழகிவிடும். வாடை போய்விட்டது என்றே உள்ளே இருப்பவர் நினைப்பார்.

அப்பா கடைசியாக இறங்கிய தொட்டிக்கு மீட்டர் இல்லை, காற்று ஊதும் விசிறி இல்லை, கயிறும் இல்லை. மூக்கில் ஈரத்துணி. “துணியக் கட்டிக்கிட்டு விஷத்தோட கண்ணாமூச்சி ஆடினோம்” என்பார் சித்தப்பா.

அப்பா வீட்டில் பேசாத மனிதர். ‘ம்’, ‘ஆச்சு’. சாப்பிட்டு எழும்போது அம்மாவிடம் ‘நல்லாருக்கு’. அன்று தொட்டிக்குள் நிறையப் பேசினாராம். விசாரணையில் சித்தப்பா சொன்னது இவ்வளவுதான்: “பேசிக்கிட்டிருந்தாரு. அப்புறம் பேசல.” இறங்கப் போன இவரை நாலு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினார்கள் என்பதை மற்றவர்கள்தான் சொன்னார்கள். என்ன பேசினார் என்று வரும்போதெல்லாம் கேட்கிறேன். அப்பாவின் பேச்சில் நான் கேளாத மிச்சம் இவரிடம் மட்டும்தான் இருக்கிறது. “பேட்டரி பாத்தியா பாப்பா?” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

டீ நேரத்தில் இவர் வந்தால் வட்டம் அடங்கிவிடும். “சிரிக்காதீங்கடா, இடுப்புல கயித்தக் கட்டிருவாரு” என்று யாராவது கிசுகிசுப்பார்கள். இவர் கிளாஸை எடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத தொட்டியின் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். சித்தி தன் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தால் இவர் கதவைத் தட்டுவாராம். “குளிக்கறதுக்குக்கூட இந்த மனுஷன்கிட்ட அனுமதி வாங்கணுமா?” என்று அம்மாவிடம் அழுதிருக்கிறார். இப்போது ஒற்றை அறை. ஆணியில் கயிற்றுச் சுருள், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மூடியே இருக்கும் ஒரு சன்னல்.

சாயங்காலம் அந்த அறையில் உட்கார்ந்து மீட்டரைச் சரிபார்த்தேன். அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டைச் சித்தப்பா தட்டில் போட்டுக்கொண்டார். முதல் வாயிலேயே கை நின்றது. மறுபடி ஒரு வாய் வைத்து, மெதுவாக மென்றார்.

“உங்கம்மா உப்பே போட மாட்டாங்களா பாப்பா?”

“போடுவாங்க. கை வராது. அவங்க திரும்பற நேரமாப் பாத்து நாங்க போட்டுக்குவோம்.”

“அப்பா?”

“அப்பா அப்படியே சாப்பிடுவாரு.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அண்ணன் அன்னிக்கு உள்ளேயிருந்து கத்துனாரு. ‘டேய், உங்கண்ணி சமையல்ல இத்தன வருஷமா உப்பே இல்லடா! இங்கேருந்து சொன்னாத்தான்டா எனக்குப் பாதுகாப்பு!’ன்னாரு. வாயே தெறக்காத மனுஷன். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன் பாப்பா. ‘இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே’ன்னு பக்கத்துல இருந்தவங்களையும் கூப்பிட்டேன். இன்னொரு தடவயும் சொன்னாரு.”

அப்பாவின் குரலில் அது எனக்குக் கேட்டது. டேய் என்று யாரையும் கூப்பிட்டு நான் கேட்டிராத குரல். தட்டைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. உடம்பு குலுங்கச் சிரித்தேன்.

அவர் எழுந்தார். சோற்றுக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரோரம் நிறுத்தி, மற்றக் கையால் சன்னலைத் தள்ளித் திறந்தார். என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார்.

“என்ன கெழம இன்னிக்கு?”

“வியாழன், சித்தப்பா.”

கையை விடவில்லை.