வெந்நீர்த் தொட்டியில் விசாரணை

என் கணவர் வேலை செய்த பாண் சுடுகிற தொழிற்சாலையில், பதினைந்து வருடம் முடித்ததற்காக அவருக்கு ஒரு கடித உறை கொடுத்தார்கள். உள்ளே ஒரு கூப்பன். மலையில் ஜப்பானிய முறைப்படி கட்டிய வெந்நீர் ஊற்று விடுதியொன்றில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கலாம். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். அவரும் குதிக்காத குறைதான். நான் கூப்பனை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"இதை ஏன் இப்ப தாறாங்கள்?" என்று கேட்டேன்.

"பதினைஞ்சு வருசம் இப்பதானே முடிஞ்சது" என்றார் அவர்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அது 2012ஆம் ஆண்டின் வசந்தகாலம். நாங்கள் குடியேறியிருந்த ஊஸ்டரில் கெமைண்டுக்கு, அதாவது ஊர் நிர்வாகத்துக்கு, குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தோம். நேர்காணலுக்கு நாளும் குறித்துக் கடிதம் வந்துவிட்டது. விடுதியிலிருந்து திரும்பி வந்து மூன்றாவது கிழமை நேர்காணல். அந்த நேரத்தில் ஓசியில் ஒரு விடுமுறை வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? யாருக்கும் வராது என்று என் கணவர் சொன்னார். அவர் அப்படித்தான். நல்லது நடந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்கிற மனிதர்.

மற்றவர்கள் ஆறுகளின் பெயரையும் அமைச்சர்களின் எண்ணிக்கையையும் பாடமாக்க முடியாமல் பயந்தார்கள். எனக்கு அதெல்லாம் தலைகீழ்ப் பாடம். என் பயம் வேறு. அகதியாக வந்து இறங்கிய முதல் மாதத்தில் நடந்த விசாரணையில் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். மன்னாரிலிருந்து நேரே வந்தேன் என்பதுதான் அந்தப் பொய். உண்மையில் நானும் அம்மாவும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இரண்டு வருடம் இருந்தோம். கொழும்பில் இருந்ததைச் சொன்னால், அங்கேயே போய் இரு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லித் தந்திருந்தான். ஆகவே அந்த இரண்டு வருடத்தையும் வாழ்க்கையிலிருந்து வெட்டி எறிந்தேன். அம்மா செத்தது அந்த இரண்டு வருடத்துக்குள்தான். அதனால் அவவின் சாவையும் மன்னாருக்கு மாற்ற வேண்டி வந்தது.

காலையில் கேட்ட கேள்வியையே விசாரணைக்காரர் பின்னேரம் வேறு மாதிரிக் கேட்டார். அம்மா எங்கே இறந்தார்? எந்த வருடம்? அப்போது யார் கூட இருந்தார்கள்? இரண்டு தரமும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். தப்பித்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து யாராவது ஒரே கேள்வியை இரண்டாந்தரம் கேட்டால், முதல் சொன்ன பதிலை மனதுக்குள் ஒப்புவித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். குடியுரிமைக்காகப் பழைய கோப்பை யாரோ எடுத்துத் தூசி தட்டுவார்கள், பொய் பிடிபடும், வரவிருக்கிற இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட்டோடு கையில் இருக்கிற விசாவும் சேர்ந்து போகும், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கே போவது என்று நான் படுக்கும்போதும் எழும்பும்போதும் நினைத்தேன். பிள்ளைகளுக்குக்கூட அம்மம்மா மன்னாரில் செத்தவ என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். சின்னப் பிள்ளைகளின் வாயை நம்பலாமா?

விடுதி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். ஆளுக்கொரு பருத்தி அங்கி தந்தார்கள். இடப்பக்கம் மேலே வரவேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை என்று வரவேற்பில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள். நான் சிரிக்கவில்லை. அந்த மூன்று நாளும் நாலு பேரின் அங்கியையும் நானே சரிபார்த்தேன். அறையில் கட்டில் இல்லை. தரையில் பாய், அதன் மேல் மெத்தை.

"பாயில படுக்கிறதுக்கோ மூண்டு ரெயின் மாறி வந்தனாங்கள்?" என்று என் கணவர் கேட்டுவிட்டு, சொன்ன கையோடு அதில் விழுந்து குறட்டை விட்டார்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் ஒரு பெண்மணியைக் கண்டேன். எழுபது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைத்த முடி, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. தன் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்திருந்தார். மகள் பிள்ளைகளோடு சறுக்குத் தொட்டிக்குப் போய்விட, அவர் என் மேசைக்கு நேரே வந்து அனுமதி கேட்டு உட்கார்ந்தார்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று இந்த ஊரின் டொய்ச் மொழியில் கேட்டார்.

"ஊஸ்டரிலிருந்து" என்றேன். அதுதான் சரியான பதில் என்று குடியுரிமை எடுத்த எல்லோரும் சொல்லித் தந்திருந்தார்கள்.

"அதற்கு முன்னே?"

"இலங்கை. மன்னார்."

"எத்தனை வருடமாக இங்கே? இங்கே பிடித்திருக்கிறதா? அம்மா இருக்கிறாரா?"

"அம்மா மன்னாரில் இறந்துவிட்டார்" என்றேன், கோப்பில் இருக்கிறபடியே.

அவர் பையிலிருந்து ஒரு சிறிய கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். எழுதி, மூடி, திரும்பவும் பைக்குள் வைத்தார்.

மத்தியானம் வெளித்தொட்டியில் இருந்தேன். நீச்சல் உடுப்போடு எல்லோரும் சேர்ந்து குளிக்கிற குடும்பத் தொட்டி அது. கழுத்தளவு கொதிநீர், சுற்றிவர மலையில் பனி. அவர் மெதுவாக இறங்கி வந்து பக்கத்தில் இருந்தார். முகத்தில் அதே மலர்ச்சி. காலையில் என்னைக் காணாதவர் போல.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

கொதிநீருக்குள் எனக்குக் குளிர்ந்தது. ஊஸ்டர் என்றேன். அதற்கு முன்னே? எத்தனை வருடம்? அம்மா இருக்கிறாரா? வரிசைகூட மாறவில்லை. ஒரு சொல்லும் பிசகாமல் காலையில் சொன்னதையே சொன்னேன். கரையேறியதும் அவர் துவாயால் கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

அறைக்குக் கணவரிடம் ஓடினேன். "இஞ்சேருங்கோ, அந்த மனிசி கெமைண்டால வந்த ஆள். எங்களைச் சோதிக்க அனுப்பியிருக்கினம்" என்றேன்.

"குளிக்கிற தொட்டிக்கையோ?"

"உடுப்பில்லாம நிக்கேக்கதானே உண்மை வரும்."

"உமக்கு விசர். பேரப்பிள்ளையளோட வந்த கிழவி."

"அது நடிப்பு."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கிற நிலையில் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, அறைக்கு வெளியே தமிழ் கதைக்கக் கூடாது, ஓடக் கூடாது, காணுகிற எல்லோருக்கும் குறுயட்சி சொல்லி வணக்கம் வைக்க வேண்டும் என்று கட்டளை போட்டேன். குப்பையைப் போத்தல் வேறு, கடதாசி வேறு, பழத்தோல் வேறு என்று பிரித்து மூன்று பைகளில் கட்டி, அறைக்கதவுக்கு வெளியே எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். வேலைக்கு வந்த பெண் மூன்றையும் எடுத்து ஒரே சாக்கில் போட்டாள். அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

பின்னேரம் தேநீர் மண்டபத்தில் அந்தப் பெண்மணி மூன்றாந்தரம் கேட்டார். அந்தத் தரம் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு வழியாகக் கேட்டுத் தொலையுங்கள், அம்மாவை ஏன் ஒவ்வொரு தரமும் இழுக்கிறீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மன்னார் என்றேன். பக்கத்தில் இருந்த என் சின்ன மகன் தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேசைக்குக் கீழே அவன் தொடையைக் கிள்ளினேன். கண் கலங்கி, சத்தம் போடாமல் இருந்தான். ஐந்து வயதுப் பிள்ளை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வரும்.

மூன்றாம் நாள் கணவர் பிள்ளைகளோடு சறுக்குத் தொட்டிக்குப் போனார். நான் வெளித்தொட்டிப் பக்கம் வந்தேன். அந்தப் பெண்மணி தண்ணீருக்குள் எனக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தார். மரவாங்கில் அவருடைய துவாய், துவாயின் மேல் அந்தக் கொப்பி. திறந்தபடி.

அடுத்தவர் கொப்பியைப் பார்ப்பது தவறென்று எனக்குத் தெரியாதா? பார்த்தேன். பெரிய பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதியிருந்தது.

அறை 14. சாப்பாடு கீழ் மாடியில். சப்பாத்து வாசலில். தொட்டிக்குள் இறங்க முன் கழுவ வேண்டும். நடுவே மகளின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர்கள், யார் பெரியவன் என்ற குறிப்பு. அதன் கீழே: ஊஸ்டர் பெண். இரண்டு பிள்ளைகள். அன்பானவள். அம்மா இல்லை. அதற்கும் கீழே, இரண்டு கோடு இழுத்து: ஏற்கெனவே கேட்டாயிற்று.

நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேலை முதியோர் இல்லத்தில். சாப்பாட்டு மண்டபத்தில் கிண்ணம் பரிமாறுவேன். சூப் ஆறுவதற்குள் இன்று என்ன கிழமை என்று பத்துத் தரம் கேட்கிறவர்கள் அங்கே மேசைக்கு இரண்டு பேர். பத்துத் தரமும் முதல் தரம்போலப் பதில் சொல்லுகிறவள் நான். அந்தக் கண்ணை, அந்த மலர்ச்சியை, அந்தக் கேள்வியின் வரிசையை வேலை நாளில் கண்டிருந்தால் அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். இங்கே இரண்டு நாளாக ஒரு மறதி நோயாளியை விசாரணை அதிகாரியாக்கி, பிள்ளையைக் கிள்ளி அழ வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் உடம்பெல்லாம் எரிகிற வெட்கம்.

தண்ணீருக்குள் இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் திரும்பி மலர்ந்தார்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

சொன்னேன். வருடக் கணக்கும் சொன்னேன்.

"அம்மா இருக்கிறாரா?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. "இறந்துவிட்டார். கொழும்பில்" என்றேன்.

கொழும்பு என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே வந்ததைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். பதினாறு வருடத்தில் அதை அம்மாவோடு சேர்த்து நான் சொன்னதே இல்லை. அவர் ஐயோ என்பதுபோலக் கன்னத்தில் கை வைத்தார். கண் நிறைந்தது. தண்ணீருக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தார். ஒரு காகம் வேலியில் வந்திருந்து பறந்துபோனது. அவர் அதைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கிருந்து வருகிறீர்கள்? அம்மா இருக்கிறாரா?"

இரண்டாந்தரம் இன்னும் கொஞ்சம் கூடச் சொன்னேன். சலரோகம் என்றேன். காலில் ஆறாத சீனிப் புண், ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் நாலு நாள் தரையில் பாயில் கிடந்தார் என்றேன். அவர் புதிதாகக் கேட்கிறவர்போல அழுதார். அவருக்கு அது புதிதுதான். மூன்றாந்தரம், ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். அம்மா நகம் வெட்டிவிடச் சொன்னவ. வலது கையை வெட்டி முடித்து, இடது கையை எடுத்தேன். கை பாரமாக இருந்தது. நித்திரை என்று நினைத்து ஒரு விரலை வெட்டினேன். பிறகுதான் விளங்கியது. மற்ற நாலு விரலையும் வெட்டாமலே பெட்டியில் வைத்தோம்.

அவர் என் தோளில் தலையைச் சாய்த்து விம்மினார். என் அம்மாவுக்காக இந்த நாட்டில் ஒருவரும் அழுததில்லை. நான்கூட மனம் விட்டு அழுததில்லை. எங்கே அழுகிறேன், எதற்கு அழுகிறேன் என்று யாராவது கேட்டால் கதை பிசகிவிடுமே. அன்று அந்தப் பெண்மணி ஒரு மணித்தியாலத்தில் மூன்று தரம் அழுதார். நானும் அழுதேன்.

அவருடைய மகள் துவாயோடு வந்து, "மன்னியுங்கள், அம்மா தொந்தரவு கொடுத்துவிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அறைக்குப் போனதும் மகனைத் தூக்கி மடியில் வைத்து, இனி எங்கேயும் எதிலும் கதைக்கலாம் என்றேன். அவன் நம்பவில்லை. தமக்கையைப் பார்த்து, அவள் தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

மூன்றாவது கிழமை நேர்காணல் நடந்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். குப்பை எடுக்கிற நாள் கேட்டார்கள், மாநிலங்கள் எத்தனை என்று கேட்டார்கள், பக்கத்து வீட்டாரோடு பழக்கமா என்று கேட்டார்கள். பழைய கோப்பு அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. எல்லோருக்கும் நல்ல முகம். அந்த வருடம் முடிவதற்குள் சிவப்புப் பாஸ்போட் கையில் வந்துவிட்டது. அன்றைய நேர்காணலின் கடைசியில், எழும்புகிற நேரத்தில், நடுவில் இருந்தவர் மரியாதைக்காகக் கேட்டார்: உங்கள் அம்மா அங்கே சுகமாக இருக்கிறாரா?

"மன்னாரில் இறந்துவிட்டார்" என்றேன்.

கணவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழும்பாமல் காத்திருந்தேன். அவர்கள் கடதாசிகளை அடுக்கினார்கள், கை கொடுத்தார்கள், வாழ்த்துச் சொன்னார்கள். இரண்டாந்தரம் ஒருவரும் கேட்கவில்லை.