கொசு ஓட்டிப் பார்த்த பேட்ச்

நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். பால்கனித் தரையில் ஒரு கருப்பு வட்டம் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதற்குமேல் என்னிடம் சாட்சி கிடையாது. நடந்தது ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை மதியம்.

நான் பார்ப்பது சம்பளமில்லாத வேலை. பலர் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதில் பேட்டரி சார்ஜ் ஆகும் பகுதிக்கு நான் காவல்காரன். முகம் தெரியாதவர்கள் திருத்தம் எழுதி மெயிலில் அனுப்புவார்கள். பேட்ச் என்போம். நல்லதைச் சேர்ப்பேன், மற்றதைத் திருப்பி அனுப்புவேன். சேர்த்தால் நன்றி கிடையாது, திருப்பினால் திட்டு நிச்சயம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான்.

அன்றும் ஒரு பேட்ச் காத்திருந்தது. எழுதியவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. சார்ஜ் வேகமாக ஏற வேண்டும் என்று, சூடானால் நிறுத்தும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தான். மூன்று மணிக்குள் சேர்க்காவிட்டால் அடுத்த வெளியீட்டில்தான். “ஆச்சா? ஆச்சா?” என்று மெயில் மேல் மெயில்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியவனே சோதித்தால் செல்லாது. காவல்காரன் சோதித்தாலும் போதாது. மூன்றாவது ஆள் ஒருவர் தன் மெஷினில் ஓட்டிப் பார்த்து, பேர் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்காகத்தான் காத்திருந்தேன்.

என் பங்குக்குக் காலையிலேயே பழைய லேப்டாப்பில் அதைப் போட்டுவிட்டேன். லேப்டாப்பின் பெயர் ஆமை. என் நாலு வயது மகள் வைத்த பெயர். அதில் நெட் கிடையாது, அந்தப் பாகம் செத்து ஒரு வருடம். அன்று பாப்பாவுக்கு ஜுரம். ஆமையைச் சார்ஜில் சொருகி, பென் டிரைவில் இருந்து கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குள் பெருமை வேறு. அவள் தூங்கியதும் மூடியைச் சாத்தி, சார்ஜரைப் பிடுங்காமல் பக்கத்திலேயே விட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன்.

மனைவி வேலையிலிருந்து போன் செய்தாள்.

“ஜுரம் விட்டுச்சா? தொட்டுப் பாத்தீங்களா?”

“தூங்குறா. இப்பப் போனா எந்திரிச்சிடுவா.”

“அந்தக் கம்ப்யூட்டரை விட்டுட்டு ஒரு தடவை போய்ப் பாருங்க.”

“சரி, சரி.”

போகவில்லை. உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி மெயிலைத் திறந்தேன்.

2.10. கொசுவிடமிருந்து மெயில்.

கொசு எங்கள் சோதனைக்காரர்களில் ஒருவன். நேரில் பார்த்ததில்லை. யார் எதை அனுப்பினாலும் குறை கண்டுபிடித்து, காதருகே ரீங்காரமிட்டு, தூங்க விடமாட்டான். அதனால் அந்தப் பெயர். கொஞ்ச மாதமாக ஆளையே காணோம். திரும்பி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“ஓட்டிப் பாத்தேன். சூடாகுது.”

அவ்வளவுதான். வழக்கமாக முழம் முழமாக எழுதுகிறவன்.

“வாடா கொசு! எவ்வளவு சூடு? லாக் அனுப்பு” என்று பதில் போட்டேன். மெஷின் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புதான் லாக்.

2.14. வந்தது. பேட்டரி 51 டிகிரி. அடியில் ஒரு வரி: “மேல போர்வை கிடக்கு.”

சிரித்துவிட்டேன். “ஏன், உன் மெஷினுக்கும் ஜுரமா?” என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் ஒரு மாதிரி இருந்தது. போர்வைக்குள் ஜுரத்தோடு கிடப்பது என் பாப்பா அல்லவா?

2.19. அடுத்த லாக். 58 டிகிரி. அடுத்த வரியில்: மூடி திறந்தது.

உள் அறையில்...

டக்.

பாப்பா புரண்டு படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2.20. 64 டிகிரி. மூடி மூடியது.

டக்.

லாக்கின் முதல் வரிக்குப் போனேன். மெஷினின் பெயர் அங்கேதான் இருக்கும்.

ஆமை.

2.21. கடைசி மெயில்.

“எந்திரி.”

ஓடினேன்.

போர்வைக்குள் லேப்டாப். அதன் மேல் பாப்பாவின் கை. அடிப்பக்கம் உப்பியிருந்தது. இனிப்பான ஒரு கெட்ட வாடை.

அவளை அள்ளி ஹாலில் போட்டேன். திரும்பி வந்தேன். சார்ஜரைப் பிடுங்கி, போர்வையோடு சுருட்டி, பால்கனியில் வீசினேன்.

புஸ்ஸ்ஸ்...

தீ.

“அப்பா, ஆமைக்கு என்னாச்சு?” என்றாள் பாப்பா. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

பேட்ச்சைத் திருப்பி அனுப்பினேன். அவசரக்குடுக்கை காரணம் கேட்டான். காட்டுவதற்காகக் கொசுவின் அன்றைய மெயில்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. என் பதில்கள் இரண்டு மட்டும் இருந்தன, யாருமில்லாத அறையில் பேசியது போல.

கொசுவின் பழைய மெயில் ஒன்றின் அடியில் போன் நம்பர் இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தது அவன் அக்கா. அவன் கூட வேலை செய்பவன் என்று மட்டும் சொன்னேன்.

“தம்பி தவறி நாலு மாசம் ஆச்சுங்க.”

“எப்படி...?”

“தலைமாட்டுல லேப்டாப் சார்ஜ்ல இருந்துச்சு. ஏதோ ஓட்டிப் பாக்கணும்னு போட்டுட்டுத் தூங்கிட்டான். மேல போர்வை வேற...”

மெயிலைப் பற்றியோ, ஆமையைப் பற்றியோ, அந்தச் சத்தத்தைப் பற்றியோ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார்.

“நான் பக்கத்து ரூம்லதாங்க இருந்தேன். டக்... டக்னு ரெண்டு தரம் கேட்டுச்சு. புரண்டு படுக்கறான்னு நெனச்சேன். எந்திரிச்சுப் போகல.”