மாப்பிள்ளையை முகர்ந்து பார்க்கப் போனது

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அப்படிப்பட்ட குடும்பம் அட்டனிலிருந்து வேன் பிடித்து ஒரு பிராந்தி ஆலையைச் சுற்றிப்பார்க்கப் போனதற்குக் காரணம், சித்தியின் கல்யாணம்.

நுவரெலியாவுக்கு அப்பால் இருந்த அந்த ஆலையில்தான் மாப்பிள்ளைக்கு வேலை. நல்ல குடும்பம், ஜாதகமும் பொருந்திவிட்டது. அம்மாவுக்குத்தான் மனம் பொருந்தவில்லை. தன் அப்பாவைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவள் அவள். தங்கையின் வீட்டுக்குள்ளும் ஒரு போத்தல் வந்து உட்காருவதை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

“பிராந்திய ருசி பாக்குறதுதான் வேலையாம். சம்பளமும் குடுத்துக் குடிக்கவும் விடுறாங்க” என்றாள்.

சித்தி தலவாக்கலையில் டீச்சர். எதற்கும் பதில் வைத்திருப்பவள் அன்று சேலைக்கு மடிப்பு எடுப்பதிலேயே குறியாக இருந்தாள்.

மாப்பிள்ளை குடிப்பவரா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. பெரியவர்கள் போய் மாப்பிள்ளையின் வாயருகே மூக்கை நீட்ட முடியாது. எட்டு வயதுப் பெண்பிள்ளை காதில் ஏதோ சொல்வதுபோல் நெருங்கலாம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் என்பதால், கொழுந்து பக்குவமாக வாடிய வாசனையையும் தீய்ந்த வாசனையையும் நான் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று ஒரு பெயரும் இருந்தது. தகுதி பார்த்து எனக்குக் கிடைத்த ஒரே பதவி இன்றுவரை அதுதான்.

ஆலையின் வாசலிலேயே பதவிக்கு ஆபத்து வந்தது. கேட்டைத் திறந்த காவலாளியிடம் பிராந்தி வாசனை. படிக்கட்டில், கைப்பிடியில், எங்களுக்குப் போட்ட நாற்காலியில் எல்லாம் அதே வாசனை. மாப்பிள்ளை மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ஆளுயரப் பீப்பாய்களுக்கு நடுவே எங்களை அழைத்துப்போய், பழச்சாறு புளிப்பதையும் அது கொதித்து ஆவியாகிக் குளிர்ந்து சொட்டுவதையும் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். பீப்பாயில் ஊறும்போதே கொஞ்சம் காற்றில் போய்விடும் என்றார்.

“அதத்தான் நாம எல்லாரும் இப்ப குடிச்சிக்கிட்டு இருக்கோம்” என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

நான் அவரைக் குனியச் சொல்லி, கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று காதில் கேட்டு, முகர்ந்துவிட்டுத் திரும்பினேன்.

“என்னடி?” என்றாள் அம்மா.

“எல்லாரும் குடிச்சிருக்காங்கம்மா. அப்பாவும்.”

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்வாங்கினார்.

அடுத்தது ருசி பார்க்கும் அறை. நீள மேசையில் சின்னச் சின்னக் கிளாஸ்கள். மாப்பிள்ளை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார், பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார். அம்மாவின் முகம் சுருங்கியது. அப்பாவின் முகமோ வெளிநாட்டில் சொந்த ஊர்க்காரனைக் கண்டதுபோல் மலர்ந்தது. தினமும் தொழிற்சாலையில் கோப்பை கோப்பையாகத் தேநீரை உறிஞ்சி அவர் துப்புவதும் இப்படித்தான்.

“முழுங்குறதே இல்லையா, தம்பி?”

“முழுங்குனா நாலாவது கிளாஸ்ல நாக்கு செத்துப்போகுங்க. அப்புறம் எல்லாம் ஒரே ருசிதான்.”

“அதேதான்! டீயும் அப்படித்தான்!”

அப்பா ஒரு கிளாஸை எடுத்து, தேயிலைக்காரர் முறைப்படி விசில் அடித்ததுபோல் சத்தமாக உறிஞ்சினார். தேநீருக்குச் சரியாக வரும் வித்தை பிராந்திக்கு வரவில்லை. அவ்வளவும் நேரே தொண்டைக்குள் போய்விட்டது. கண்ணில் நீர் வழிய இருமியவரை மாப்பிள்ளைதான் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்.

அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, “அவரு துப்புறவருதான். முழுங்குனது நீங்கதான்” என்று அப்பாவிடம் சொன்னாள். கல்யாணம் அந்த இடத்தில் நிச்சயமானது.

மாப்பிள்ளை அரைநாள் லீவு போட்டுக்கொண்டு எங்களோடு நுவரெலியா டவுனுக்கு வந்தார். ஏரியில் படகில் சுற்றினோம். அப்பா வழக்கத்துக்கு மாறாகப் படகுக்காரரிடம் குடும்ப வரலாறு முழுவதையும் சொன்னார். தினமும் கொட்டகலையிலிருந்து பஸ்ஸில்தான் வேலைக்கு வருவதாக மாப்பிள்ளை சொன்னார். அம்மா அவருக்கு இரண்டு தடவை வடை வாங்கிக் கொடுத்தாள்.

திரும்பும் நேரத்தில் மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, வேன் ஜன்னல் வழியாகச் சித்தியின் கையில் கொடுத்தார். சித்திக்கு மலைப்பாதை வளைவுகள் ஒத்துக்கொள்ளாது, குமட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லக்கூடாத குறைகளில் ஒன்றாக அதை அம்மா மறைத்து வைத்திருந்தாள்.

“என்ன பக்குவமான புள்ள” என்று அம்மா வழியெல்லாம் வியந்தாள். அப்பா தூங்கிவிட்டார்.

யாரும் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் சித்தியிடம் கேட்டேன். அவள் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, “பேசாம வா, தல சுத்துது” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் சிரிப்பது தெரிந்தது.

சித்தி தினமும் அட்டனில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நுவரெலியா பஸ் கொட்டகலையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் தலவாக்கலைக்குப் போகும். அது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அதற்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியவில்லை.