சலூன் மாமாவும் உண்ணிப்புதரும்

என் அக்காவின் கணவர் சலூன்காரர். முடி வெட்டியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். கடையை மகன் கையில் ஒப்படைத்த பிறகு மனுஷனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அக்கா வெங்காயம் நறுக்கினால் பின்னால் வந்து நின்று, "இந்தப் பக்கம் கொஞ்சம் தடிமனா விட்டுட்டியே" என்பார். அக்கா கத்தியை வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"உன் மாமாவ எங்கயாவது கூட்டிட்டுப் போடி. இல்லன்னா நான் கிளம்பிடுவேன்."

அப்படித்தான் அவரை எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூங்காக் குழுவில் சேர்த்துவிட்டேன். உண்ணிச்செடியை ஒழிப்பதுதான் எங்கள் வேலை. பூ பார்க்க அழகுதான். ஆனால் அது நுழைந்த இடத்தில் வேறெதையும் தலைதூக்க விடாது. குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். வேரோடு பிடுங்குவதில் அவருக்குத் தனி சுகம்.

மாமாவுக்கோ அந்த "வேரோடு" மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. தன் பங்குக்கு வந்த புதரைக் கத்தரிக்கோலோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிடுங்குங்க மாமா!"

"அடியோட பிடுங்கிட்டா அப்புறம் எப்படிம்மா வளரும்? வளர்ந்தாத்தானே திரும்ப வர முடியும்?"

தொழில் புத்தி எங்கே போகும்! வாராவாரம் கத்தரித்ததில் புதர் உருண்டு திரண்டு அப்படி ஓர் அழகாகிவிட்டது. நடக்க வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தப் புதர் போகணும். இல்லன்னா நீங்க போகணும்."

அந்த வாரம் மாமா சரியாகவே சாப்பிடவில்லை என்றாள் அக்கா. ஞாயிறு காலையில் மட்டும்தான் அவர் விசிலடித்துக்கொண்டே சட்டை மாட்டுவார். அதுவும் போய்விட்டால் மனுஷன் என்னதான் செய்வார்?

ஞாயிறன்று கடையிலிருந்து பெரிய வெள்ளைத் துணியோடு வந்தார். முற்றிய விதை ஒன்றுகூட மண்ணில் விழக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. மாமா புதரைச் சுற்றித் துணியை விரித்து, அடித்தண்டில் இறுக்கமாகச் செருகினார். இலைகளை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு கடப்பாரையை இறக்கி நெம்பினார். புதர் வேரோடு வந்தது. கறுத்த பழங்களெல்லாம் துணிக்குள் விழுந்து கிடந்தன. டாக்டரே கைதட்டினார்.

மாமா புதரை உருவி ஓரமாகப் போட்டுவிட்டு, துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கி, காலமெல்லாம் கடையில் செய்தது போலப் படாரென்று உதறினார்.

நாங்கள் மாதக்கணக்கில் சுத்தம் செய்த இடம் முழுக்க விதை.

"ஐயையோ, கைப்பழக்கம் டாக்டர்!"

"இவ்வளவும் முளைச்சா யாருய்யா பிடுங்குறது?"

"நான்தான். வேற யாரு?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடையில் மாமா துணி உதறி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முடிகூட யார் மேலும் பட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் விசில்தான்.