செவுள் பார்த்து வாங்கிய மீன்

இத்தாலியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள போர்கோ வெக்கியோ சந்தைக்குள் காலை வைக்குமுன் காதைக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொருவரும் தன் சரக்கைப் பாட்டாக இழுத்துக் கூவுவார். அன்றைக்கு எனக்குக் கேட்டது மீன்காரரின் குரல் மட்டும்தான். மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் முதன்முதலாகச் சாப்பிட வருகிறார்கள். மன்னார்க் கடற்கரை ஆட்கள். பழைய மீனைக் குழம்பில் ஒளிக்க முடியாது. வாசலிலேயே மணந்து பிடித்துவிடுவார்கள்.

மற்ற இடங்களில் நெத்தலியும் கணவாயும்தான். இவரிடம் மட்டும் ஐஸ் மேல் ஒரு பெரிய மீன் கிடந்தது, எங்கள் விளைமீனுக்கு அண்ணன் போல. யோசிக்கவேயில்லை, கை போய்ச் செவுளைத் தூக்கிவிட்டது. யாழ்ப்பாணச் சந்தையில் பழகிய கை. அதற்கு இத்தாலியன் தெரியாது.

"சிஞ்ஞோரா! கையை எடுங்கோ!"

மீன்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தக்காளிக்காரரின் பாட்டு நின்றது. இங்கே வாங்குகிறவர் தொடக்கூடாது. விரலால் காட்டினால் அவரே எடுத்துத் தருவார்.

"அவ்வளவு சந்தேகமெண்டால் வேறை இடம் பாருங்கோ. உங்களுக்கு விக்கமாட்டன்."

நான் நகரவில்லை. என் உடைந்த இத்தாலியனில் சொன்னேன்: "தானமாத் தந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதெண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். இது காசு குடுத்து வாங்கிற மாடு, ஐயா."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "மாடில்லை, குதிரை! எங்கடை ஊரிலை அது குதிரை!"

"உங்களுக்குக் குதிரை, எங்களுக்கு மாடு. பல்லு பல்லுத்தானே?"

தக்காளிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "திறந்து காட்டடாப்பா, இல்லாட்டி உன்ரை வாயைத் திறந்து பாக்கப்போறா!"

மீன்காரர் தானே செவுளைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். செவ்வரத்தம்பூச் சிவப்பு. பொதி செய்யும்போது வேறொரு மீனின் பெரிய தலையையும் உள்ளே போட்டு, "இது தானம். பாக்கக் கூடாது!" என்று கண்ணடித்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினேன். வீட்டிலும் சத்தியமாகப் பார்க்கவில்லை. மூக்கை வைத்து மணந்தேன், அது வேறு.

மத்தியானம் சம்பந்தியம்மா அந்தத் தலையைத்தான் கேட்டு வாங்கினார். ஒருமுறை உறிஞ்சிவிட்டு, "செவுள் பாத்தோ வாங்கினனீங்கள்?" என்றார்.

"மீனுக்குப் பாத்தன். தலைக்குப் பாக்கேல்லை."

"பாக்காமலே இப்பிடியோ?" கோப்பையை மறுபடி நீட்டினார். "அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஓம், வாங்கோ. கையை மட்டும் பின்னாலை கட்டிக்கொண்டு வாங்கோ."