கூடுதலாக வாங்கிய ஒரு வளையல்

ஏழாம் மாத வளைகாப்புக்கு அருப்புக்கோட்டை போய் வளையல் வாங்கி வந்தவள் சௌந்தரம்தான். தாயில்லாத தங்கை கஸ்தூரிக்கு எல்லாம் அவள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், அவள் எடுத்த அளவு தப்பியதில்லை. மாசமான கை பூரிக்கும் என்று ஒரு அளவு பெரிதாகவே கைக்கு ஒன்பது வாங்கினாள்; உடைந்தால் மாற்ற இன்னும் ஒன்று. போட்ட அன்று வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. அப்படியே தங்கையைப் பந்தல்குடிக்குத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அது அறுபத்தெட்டாம் வருசம்.

ஒன்பதாம் மாதம் கஸ்தூரியின் மாமியார் சுப்பம்மாள் நரிக்குடியிலிருந்து பலகாரத்தோடு வந்தாள். கஸ்தூரிக்கு மூன்று நாளாகத் தலைவலி. கடுகு தாளித்த வாசனைக்கு அக்காவிடம் எரிந்து விழுந்தாள்; அப்படிப் பேசிவிட்டோமே என்று அழுதாள்.

சுப்பம்மாள் மருமகளின் கையைப் பார்த்தாள். "என்ன சௌந்தரம், வளையலைச் சின்னதா வாங்கிட்ட. கையில பதிஞ்சு கெடக்கு."

சௌந்தரத்துக்குச் சுருக்கென்றது. "நான் வாங்கினது சரியான அளவு அத்தை."

"அப்ப வளையல் சுருங்கிருச்சாக்கும்."

சௌந்தரம் பெட்டியைத் திறந்து அந்தக் கூடுதல் வளையலை எடுத்தாள். தங்கையின் விரல்களைக் குவித்துப் போட்டுப் பார்த்தாள். பாதிக் கைகூடத் தாண்டவில்லை.

"வளையல் சுருங்கல அத்தை. கைதான் வீங்கியிருக்கு."

"நீரு கோத்திருக்கும். பெத்தா வடிஞ்சிரும்."

"கால் வீங்கினா சரி. கையுமா, மூஞ்சியுமா?"

அப்போதுதான் கஸ்தூரி மெதுவாகச் சொன்னாள்: "கண்ணு முன்னால பூச்சி பறக்குதுக்கா. ரெண்டு நாளா."

அடுத்த பஸ்ஸில் மூவரும் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா ரத்த அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றார். கை இன்னும் வீங்குமுன் வளையல்களைக் கழற்றச் சொன்னார்.

சுப்பம்மாள் கழற்றவிடாமல் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிறந்த பிறகு பிரசவம் பார்த்தவளுக்குக் கழற்றிக் கொடுக்க வேண்டிய வளையல்கள் அவை. சௌந்தரம் சுப்பம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுப்பம்மாள் பக்கத்தில் நின்ற நர்சம்மாவைப் பார்த்தாள். "பிரசவம் பாக்கப் போறது நீங்கதானம்மா? அப்ப இப்பவே உங்களுக்குக் குடுத்ததா இருக்கட்டும். சோப்பு இருந்தாக் குடுங்க."

நுரை போட்டு ஒவ்வொன்றாகச் சுப்பம்மாளே கழற்றினாள். பதினெட்டில் ஒன்றுகூட உடையவில்லை.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது, எடை குறைவாக. பத்து நாள் கழித்துத்தான் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் சௌந்தரம் அந்தக் கூடுதல் வளையலைத் தங்கைக்குப் போட்டுவிட்டாள். சுப்பம்மாள் அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். அது முழங்கை வரை ஓடியது.

"அளவு சரிதான்," என்று சொல்லிவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டாள்.